கரிமக் கடத்திகளுக்கு 40 டெஸ்லா காந்தப்புலம் எதற்கு?

கேட்கப்பட்டவை இரண்டு கேள்விகள். கரிமச் சேர்மங்கள் பொதுவாக மின்சாரத்தைக் கடத்தாதவை. அப்படியிருக்க, அவற்றின் படிகங்களை 30, 40 டெஸ்லா காந்தப்புலத்தில் வைத்து எதைத் தேடுகிறார்கள்? அடுத்து, காந்தப்புலம் மீக்கடத்துத்திறனை (மின்தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் நிலையை) அழிக்கும் என்று பாடநூல்கள் சொல்லும்போது, காந்தப்புலத்தில் வைத்தால்தான் மீக்கடத்தியாக மாறும் கரிமப் பொருள் ஒன்று இருப்பதாகச் சொல்கிறார்களே, அது எப்படி?

இரண்டுக்கும் வேர் ஒன்றே. இந்தப் படிகங்களில் எலெக்ட்ரான் எல்லாத் திசைகளிலும் ஒரே எளிமையோடு நகர முடியாது. சிலவற்றில் ஒரு சங்கிலியின் வழியே மட்டும் தாராளமாக ஓடும். சிலவற்றில் ஓர் அடுக்குக்குள் மட்டும். காந்தப்புலத்தின் வேலை, ஓடும் எலெக்ட்ரானை வளைத்துத் திருப்புவது. திரும்ப இடமில்லாத ஒரு பொருளில் அந்தத் திருப்பமே பொருளின் நிலையை மாற்றிவிடும். செம்பை அதே புலத்தில் வைத்தாலும் மின்தடை கூடும். ஆனால் செம்பு உலோகமாகவே இருக்கும். கரிமக் கடத்தி அப்படி இருக்க வேண்டிய கட்டாயமில்லை. உலோகம் காப்பானாகும் (மின்சாரத்தைக் கடத்தாததாகும்), காப்பான் மீக்கடத்தியாகும், மீக்கடத்தி மறுபடி உலோகமாகும். இவ்வளவும் ஒரே துண்டுப் படிகத்தில், காந்தத்தின் மின்னோட்டத்தைக் கூட்டக் கூட்ட நடக்கும்.

முதலில் பொருள்களைப் பற்றி. பிளாஸ்டிக்கை இங்கே மறந்துவிடலாம். கந்தகமோ செலினியமோ கொண்ட தட்டையான மூலக்கூறுகள் ஒன்றன்மேல் ஒன்றாகவோ பக்கவாட்டிலோ நெருங்கி அமர்ந்து, அவற்றின் எலெக்ட்ரான் மேகங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது மின்பாதை உருவாகிறது. இடையில் இருக்கும் எதிரயனிகள் பெரும்பாலும் இரண்டு மூலக்கூறுகளுக்கு ஓர் எலெக்ட்ரான் என்ற கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. எலெக்ட்ரான் போன காலி இடங்கள் மின்னோட்டமாக ஓடுகின்றன. 1973-இல் டிடிஎஃப்-டிசிஎன்க்யூ என்ற உப்பு உலோகம்போல் கடத்துவது தெரியவந்தது. ஆனால் சுமார் 54 கெல்வினுக்குக் கீழே அது காப்பானாகிவிட்டது. 1979-இல் கோபன்ஹேகனில் க்ளாஸ் பெக்கார்ட் தயாரித்த, டிஎம்டிஎஸ்எஃப் என்ற செலினிய மூலக்கூறின் உப்புகளில் ஒன்றை, பாரிஸ் அருகே ஓர்சேயில் டெனி ஜெரோம் குழுவினர் சுமார் 12 கிலோபார் அழுத்தத்தில் குளிர்வித்தபோது, 0.9 கெல்வினில் மின்தடை மறைந்தது. அதுவே முதல் கரிம மீக்கடத்தி. பெக்கார்ட் உப்புகள் என்ற பெயர் அப்படி வந்தது. இவை சங்கிலி வகை. இதற்குப் பின் வந்த, ஈடி என்று சுருக்கமாக அழைக்கப்படும் கந்தக மூலக்கூறின் உப்புகள் அடுக்கு வகை. அவற்றில் சில 10 கெல்வினைத் தாண்டியும் மீக்கடத்திகளாக இருக்கின்றன.

காந்தப்புலத்துக்கு இவை இவ்வளவு வசமாக மாட்டிக்கொள்வதற்குக் காரணம் ஆற்றல் அளவுகள்தான். ஓர் எலெக்ட்ரானின் தற்சுழற்சிக்கு (அதைச் சிறு காந்தம்போல் ஆக்கும் குணத்துக்கு) 1 டெஸ்லா என்பது வெப்பநிலைக் கணக்கில் சுமார் 0.67 கெல்வின். 45 டெஸ்லா என்றால் ஏறத்தாழ 30 கெல்வின். உயர் வெப்பநிலைச் செப்பு ஆக்சைடு மீக்கடத்திகளின் உள் ஆற்றல்களோடு ஒப்பிட்டால் இது சிறிது. கரிம உப்புகளில் பெரும்பாலான மாற்றங்கள் 1 முதல் 15 கெல்வினுக்குள் நடப்பவை. ஆகவே ஆய்வகக் காந்தத்தால் அவற்றை முழுமையாகப் புரட்டிப்போட முடியும். இன்னொரு காரணம் தூய்மை. இந்தப் படிகங்கள் மிகச் சிறிய மின்னோட்டத்தில், மின்வேதி முறையில், நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் மெதுவாக வளர்கின்றன. மில்லிமீட்டர் அளவே இருக்கும், தொட்டால் ஒடியும், குளிர்விக்கும்போது விரிசல் விடும். ஆனால் உள்ளே எலெக்ட்ரான் மோதாமல் போகும் தூரம் வியக்கத்தக்க அளவுக்கு நீளம். மோதுவதற்கு முன் ஒரு சுற்றையாவது முடித்தால்தான் காந்தப்புலத்தின் நுட்பமான விளைவுகள் வெளியே தெரியும் என்பதால், இந்தத் தூய்மை இல்லாமல் கீழே சொல்லும் எதுவுமே சாத்தியமில்லை.

காந்தப்புலத்தின் முதல் பயன், ஃபெர்மி பரப்பை அளப்பது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் நிலைகளுக்கும் காலி நிலைகளுக்கும் இடையே உந்த வெளியில் (இடத்துக்குப் பதிலாக உந்தத்தை அச்சுகளாகக் கொண்ட வரைபடத்தில்) இருக்கும் எல்லைதான் ஃபெர்மி பரப்பு. உலோகத்தின் குணங்களில் பெரும்பகுதியை அந்த எல்லையின் வடிவம் தீர்மானிக்கிறது. புலத்தைக் கூட்டும்போது மின்தடையும் காந்தமாக்கலும் ஏறி இறங்கி அலையும். இந்த அலைவுகள் புலத்தின் தலைகீழியில் (ஒன்றைப் புலத்தால் வகுத்த அளவில்) சீரான இடைவெளி கொண்டவை. அந்த இடைவெளியைக் கொண்டு எலெக்ட்ரான் சுற்றிவரும் பாதை உந்த வெளியில் அடைக்கும் பரப்பளவைக் கணக்கிடலாம் என்று ஆன்சாகர் 1952-இல் காட்டினார். காப்பா வகையைச் சேர்ந்த (அடுக்குக்குள் மூலக்கூறுகள் அமரும் விதத்தைக் குறிக்கும் கிரேக்க எழுத்து இது), செம்பு தையோசயனேட் எதிரயனி கொண்ட ஈடி உப்பு இதற்கு நல்ல உதாரணம். அது 10.4 கெல்வினுக்குக் கீழே மீக்கடத்தி. அடுக்குகளுக்குச் செங்குத்தான புலத்தால் மீக்கடத்துத்திறனை அடக்கிவிட்டு, 1 கெல்வினுக்கும் கீழே குளிர்வித்துப் பார்த்தால், சுமார் 600 டெஸ்லா அதிர்வெண்ணில் அலைவுகள் தெரிகின்றன. (இது பிரயோகித்த புலம் அன்று, தலைகீழியில் அளப்பதால் அதிர்வெண்ணுக்கும் டெஸ்லாவே அலகாகிவிடுகிறது.) கணக்கிட்டால், பிரில்லுவான் மண்டலத்தின் (உந்த வெளியில் திரும்பத் திரும்ப வரும் அடிப்படைக் கட்டத்தின்) பரப்பில் சுமார் 16 சதவீதம் கொண்ட ஒரு சிறிய மூடிய பாதை.

புலம் 20 டெஸ்லாவைத் தாண்டும்போது அதே படிகத்தில் சுமார் 3900 டெஸ்லா அதிர்வெண்ணில் இரண்டாவது அலைவு தலைகாட்டுகிறது. அதன் பரப்பு மண்டலம் முழுவதற்கும் சமம். என்ன நடந்தது? ஃபெர்மி பரப்பின் இரு துண்டுகளுக்கு இடையே ஒரு சிறிய ஆற்றல் இடைவெளி இருக்கிறது. குறைந்த புலத்தில் எலெக்ட்ரான் அதைத் தாண்டாது. தன் துண்டுக்குள்ளேயே சுற்றும். வலுவான புலத்தில் அந்த இடைவெளியைக் குவாண்டம் ஊடுருவலால் கடந்து பெரிய சுற்றைப் போடுகிறது. இதற்குக் காந்த முறிவு என்று பெயர். அலைவின் வீச்சு வெப்பநிலையோடு எப்படிக் குறைகிறது என்பதிலிருந்து பயனுறு நிறையும் (படிகத்துக்குள் எலெக்ட்ரான் கொண்டிருப்பதாகத் தோன்றும் நிறையும்) கிடைக்கும்: சிறிய பாதைக்குத் தனி எலெக்ட்ரானின் நிறையைப்போல் சுமார் 3.5 மடங்கு, பெரிய பாதைக்கு ஏறத்தாழ அதன் இருமடங்கு. எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று எவ்வளவு தடுக்கின்றன என்பதன் அளவு அது. ஓர் அலகுக் கூட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட அணுக்கள் கொண்ட இந்தச் சிக்கலான படிகத்துக்கு, செம்பின் ஃபெர்மி பரப்பைவிட எளிமையான ஒன்று அமைந்திருப்பது எனக்கு இன்னும் அழகாகவே படுகிறது.

புலத்தின் அளவை மாற்றாமல் படிகத்தை மட்டும் சாய்த்தாலும் விஷயம் கிடைக்கும். 1988-இல் கார்ட்சோவ்னிக் உள்ளிட்ட ரஷ்ய ஆய்வாளர்கள் ஓர் ஈடி உப்பைப் புலத்தில் சுழற்றியபோது, குறிப்பிட்ட சில கோணங்களில் மின்தடை கூர்மையாக உயர்ந்தது. அந்தக் கோணங்களின் டேஞ்சன்ட் மதிப்புகள் சம இடைவெளியில் இருந்தன; புலத்தைக் கூட்டினாலும் வெப்பநிலையை மாற்றினாலும் கோணங்கள் நகரவில்லை. அடுத்த ஆண்டே யமாஜி விளக்கம் தந்தார். அடுக்குப் பொருளின் ஃபெர்மி பரப்பு சற்றே நெளிந்த ஓர் உருளை. அதைச் சாய்வாக வெட்டினால், வெட்டும் இடத்துக்கேற்ப வெட்டுமுகத்தின் பரப்பளவு மாறும். ஆனால் சில கோணங்களில் எங்கே வெட்டினாலும் பரப்பளவு ஒன்றே. அந்தக் கோணத்தில் எலெக்ட்ரான் ஒரு சுற்றை முடிக்கும்போது, அடுக்குகளுக்குக் குறுக்கே அதன் சராசரி வேகம் பூச்சியமாகிறது. குறுக்கே மின்சாரம் போக மறுக்கிறது, மின்தடை உச்சம் தொடுகிறது. கோணங்களை மட்டும் வைத்து உருளையின் ஆரத்தைக் கண்டுபிடித்துவிடலாம். இதில் குவாண்டம் நுட்பம் ஏதும் தேவைப்படவில்லை, வடிவியலே போதும்.

இதுவரை புலம் பார்வையாளர்தான், இருப்பதை அளக்கிறது. பெக்கார்ட் உப்புகளுக்கு வந்தால் கதை மாறுகிறது. அங்கே சங்கிலியின் வழியே எலெக்ட்ரான் தாவும் ஆற்றல் கால் எலெக்ட்ரான் வோல்ட் அளவில். பக்கத்துச் சங்கிலிக்குத் தாவ அதில் பத்தில் ஒரு பங்கு. மூன்றாவது திசையில் அதைவிடவும் மிகக் குறைவு. இப்படிப்பட்ட பொருளின் ஃபெர்மி பரப்பு மூடிய வளையமாக இருக்காது. எதிரெதிரே நிற்கும் இரண்டு நெளிந்த தாள்களாக இருக்கும். மூடிய பாதை இல்லை என்றால் வட்டச் சுற்று இல்லை. வட்டமிடும் எலெக்ட்ரானுக்குக் கிடைக்கும் தனித்தனி ஆற்றல் படிகளான லாண்டோ மட்டங்களும் இல்லை. காந்தப்புலத்துக்கு இங்கே பெரிதாக வேலை இருக்காது என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள்.

நடந்ததோ நேர்மாறு. பெர்குளோரேட் எதிரயனி கொண்ட உப்பை எடுத்துக்கொள்வோம். அது அழுத்தம் இல்லாமலே 1.2 கெல்வின் அருகில் மீக்கடத்தியாகிறது. ஒரு நிபந்தனை: 24 கெல்வின் பகுதியை மெதுவாகக் கடந்து குளிர்விக்க வேண்டும், அவசரப்பட்டால் எதிரயனிகள் ஒழுங்குபடாமல் உறைந்து, மீக்கடத்திக்குப் பதிலாகக் காந்த ஒழுங்கு கொண்ட காப்பான் கிடைக்கும். மெதுவாகக் குளிர்வித்த நல்ல படிகத்தில், சங்கிலிகள் அமைந்த அடுக்குகளுக்குச் செங்குத்தான சிறிய புலமே மீக்கடத்துத்திறனை அழித்துவிடுகிறது. சாதாரண உலோகம் எஞ்சுகிறது. புலத்தை மேலும் கூட்டி 3 டெஸ்லாவைத் தாண்டினால், உலோகம் திடீரென்று வேறொரு நிலைக்குத் தாவுகிறது. பிறகு மற்றொன்றுக்கு, பிறகு மற்றொன்றுக்கு. ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டநிலை. எல்லாவற்றிலும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி அலைபோல ஒழுங்குபட்டிருக்கிறது. புலம் தூண்டிய தற்சுழற்சி அடர்த்தி அலை என்று இதற்குப் பெயர்.

1984-இல் கோர்கோவும் லெபெடும் இதன் அடிப்படையை விளக்கினார்கள். சங்கிலியின் வழியே ஓடும் எலெக்ட்ரானைக் காந்தப்புலம் பக்கவாட்டில் தள்ளுகிறது. ஆனால் பக்கவாட்டில் அது தொடர்ந்து போக முடியாது. அந்தத் திசையில் அதன் வேகம் மாறி மாறிக் கூடிக் குறைவதால், பாதை சங்கிலியின் இருபுறமும் பாம்பென நெளிகிறது. புலம் கூடக் கூட அந்த நெளிவின் அகலம் குறையும். போதுமான புலத்தில் எலெக்ட்ரான் ஏறத்தாழ ஒரே சங்கிலிக்குள் அடைபட்டுவிடும். அதாவது புலம் பொருளின் பரிமாணத்தைக் குறைக்கிறது. ஒற்றைப் பரிமாண உலோகம் நிலையற்றது என்பது பழைய பாடம். அலை ஒழுங்கு வந்து உட்கார்ந்துகொள்ள, உலோகம் தோற்கிறது.

நிலைகள் ஏன் வரிசையாகத் தாவுகின்றன? இங்கே ஓர் ஒப்புமை உதவும். நெளிந்த தகரத் தகடுகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்று வைத்து நகர்த்தினால், ஏதோவோர் இடத்தில் அவை கச்சிதமாகப் பொருந்தும். ஃபெர்மி பரப்பின் இரண்டு தாள்களும் முழுமையாகப் பொருந்துவதில்லை. இடையில் சிறு பைகள் மிஞ்சுகின்றன. அந்தப் பைகள் மூடியவை. ஆகவே அங்கே லாண்டோ மட்டங்கள் உருவாகும். எத்தனை மட்டங்கள் முழுமையாக நிரம்பினால் ஆற்றல் குறைவு என்பதைப் பார்த்து, எலெக்ட்ரான்கள் தாங்களே பொருத்தத்தைச் சரிசெய்துகொள்கின்றன. புலம் மாறும்போது பொருத்தமும் சற்று நகர்ந்து முழு எண்ணைக் காப்பாற்றுகிறது. ஓர் எல்லைக்குமேல் தாங்காதபோது அடுத்த முழு எண்ணுக்குத் தாவுகிறது. இதனால்தான் ஹால் மின்தடை (மின்னோட்டத்துக்குக் குறுக்கே எழும் மின்னழுத்தத்திலிருந்து கிடைப்பது) படிப்படியாக, தட்டையான மேடைகளாக உயர்கிறது. அழுத்தத்தில் வைத்த, ஹெக்சாஃபுளோரோஃபாஸ்பேட் எதிரயனி கொண்ட பெக்கார்ட் உப்பில் 1989-இல் இந்த மேடைகள் தெளிவாக அளக்கப்பட்டன. 1:2:3:4:5 என்ற விகிதம். ஒவ்வோர் அடுக்குக்கும் குவாண்டம் ஹால் விளைவு (ஹால் மின்தடை இப்படி மேடைகளாக அமைவது), ஒரு முழு முப்பரிமாணப் படிகத்தில்! குறைகடத்திகளில் இந்த மேடைகளைப் பிடித்து வைத்திருப்பது மாசுகளும் ஒழுங்கின்மையும். இங்கே அந்த வேலையை எலெக்ட்ரான்களின் கூட்டு ஒழுங்கே செய்கிறது. இந்தத் துறையின் மிகச் சிறந்த ஒற்றைக் கண்டுபிடிப்பு எது என்று கேட்டால், நான் சொல்வது இதைத்தான். பத்திரிகைகளில் மீக்கடத்திகளுக்குக் கிடைத்த புகழ் இதற்குக் கிடைக்கவில்லை.

இனி இரண்டாவது கேள்வி. மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாக இணைந்து ஓடுகின்றன. காந்தப்புலம் மீக்கடத்துத்திறனை இரண்டு வழிகளில் தாக்குகிறது. ஒன்று, எலெக்ட்ரான்களை வட்டமிடச் செய்து இணைகளைச் சிதைப்பது. மற்றொன்று, இணையில் எதிரெதிர்த் திசை நோக்கும் இரண்டு தற்சுழற்சிகளையும் ஒரே பக்கம் திருப்பப் பார்ப்பது. அடுக்குப் பொருளில் புலத்தை அடுக்குகளுக்கு இணையாக வைத்தால் முதல் தாக்குதல் பெரும்பாலும் செயலற்றுப்போகும், ஏனெனில் எலெக்ட்ரானுக்கு அடுக்குக்குக் குறுக்கே வட்டமிட வழியில்லை. மிஞ்சுவது இரண்டாவது மட்டுமே. அதன் எல்லை தோராயமாக, மீக்கடத்தியாக மாறும் வெப்பநிலையின் ஒவ்வொரு கெல்வினுக்கும் 1.84 டெஸ்லா.

லாம்டா வகையைச் சேர்ந்த, பெட்ஸ் (ஈடியின் செலினிய உறவு) மூலக்கூறுகளும் இரும்பு டெட்ராகுளோரைடு எதிரயனிகளும் கொண்ட உப்பு, புலமில்லாதபோது சுமார் 8 கெல்வினுக்குக் கீழே காப்பான். சுமார் 10 டெஸ்லாவில் அந்தக் காப்பு நிலை உடைந்து உலோகமாகிறது. 2001-இல் ஜப்பானின் ஊஜி குழுவினர், புலத்தை அடுக்குக்கு மிகத் துல்லியமாக இணையாக வைத்துக் கூட்டியபோது, 17 டெஸ்லா அருகில் மின்தடை மறைந்தது. டாலஹாசியில் உள்ள அமெரிக்கத் தேசிய உயர் காந்தப்புல ஆய்வகத்தின் 45 டெஸ்லா காந்தத்தில் மேலும் சென்று பார்த்தபோது, மீக்கடத்துத்திறன் 33 டெஸ்லா அருகே மிக வலுவாக, 4.2 கெல்வின் வரை நீடித்தது; 40 டெஸ்லாவைத் தாண்டியதும் மங்கியது.

விளக்கம் 1962-இலேயே ஜக்கரினோவும் பீட்டரும் எழுதி வைத்தது. ஒவ்வோர் இரும்பு அயனியிலும் ஐந்து எலெக்ட்ரான்களின் தற்சுழற்சி ஒன்றுகூடி நிற்கிறது. வெளிப்புலம் அவற்றையெல்லாம் ஒரே திசையில் அணிவகுக்க வைக்கிறது. அணிவகுத்த இரும்புகள், ஓடும் எலெக்ட்ரான்களின் தற்சுழற்சிமீது வெளிப்புலத்துக்கு எதிர்த்திசையில் ஒரு பரிமாற்றப் புலத்தைச் செலுத்துகின்றன. அதன் அளவு சுமார் 33 டெஸ்லா. வெளியே 33 டெஸ்லா வைத்தால், எலெக்ட்ரான் உணர்வது ஏறத்தாழப் பூச்சியம்! மீக்கடத்தி அங்கே புதிதாக முளைக்கவில்லை. உள்ளே ஒடுக்கப்பட்டிருந்தது விடுதலை பெறுகிறது. இரும்புக்குப் பதிலாகக் காந்தத்தன்மை இல்லாத காலியத்தை வைத்த உப்பு, புலமே இல்லாமல் 6 கெல்வின் அருகில் மீக்கடத்தியாக இருப்பது இதற்கு வலுவான சான்று. இரும்பையும் காலியத்தையும் கலந்தால் உகந்த புலம் விகிதத்துக்கேற்பக் கீழே இறங்குகிறது. இதே விளைவு 1984-இல் யூரோப்பியம் கொண்ட ஒரு மாலிப்டினம் சேர்மத்திலும் பார்க்கப்பட்டிருக்கிறது. ஆனால் கரிம உப்பில்தான் அது இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு உயர்ந்த புலத்தில் தெரிந்தது. புலத்தின் திசை அடுக்கிலிருந்து சற்றே விலகினாலும், முதல் வகைத் தாக்குதல் உயிர்பெற்று எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

காந்த அயனிகளே இல்லாமல் எல்லையைத் தாண்டும் வழியும் உண்டு. மேலே சொன்ன காப்பா உப்பில் இணைப் புலம் சுமார் 21 டெஸ்லாவைத் தொடும்போது, சாதாரண மீக்கடத்தி நிலை முடிந்து இன்னொரு மீக்கடத்தி நிலை தொடங்குவதை 2007-இல் வெப்பக் கொள்ளளவு அளவீடு காட்டியது. அங்கே எலெக்ட்ரான் இணைகள் நிகர உந்தத்தோடு நகர்கின்றன. மீக்கடத்துத்திறன் இடத்துக்கு இடம் கூடிக் குறைகிறது. ஃபுல்டே, ஃபெரல் இருவரும், தனியே லார்கின், ஒவ்சின்னிகோவ் இருவரும் 1964 வாக்கில் கணித்த நிலை இது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உறுதியான படிகம் கிடைக்காமல் காத்திருந்த கணிப்புக்கு, தூய்மையும் அடுக்கமைப்பும் ஒருங்கே கொண்ட கரிம உப்பு கைகொடுத்தது.

மின்னூட்ட அடர்த்தி அலைகளுக்குப் (எலெக்ட்ரான்களின் மின்னூட்டம் அலைபோல ஒழுங்குபடும் நிலைக்கு) புலம் பகை, தற்சுழற்சி அலைகளுக்கு நட்பு என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மின்னூட்ட அலையில் இரண்டு தற்சுழற்சி வகைகளும் ஒரே அலைநீளத்தில் ஒத்துழைக்க வேண்டும். புலம் இரண்டையும் வெவ்வேறு பக்கம் இழுக்கும்போது அந்த உடன்பாடு முறிகிறது. ஆல்ஃபா வகை ஈடி உப்புகளில், பொட்டாசியமும் பாதரசமும் கொண்ட ஒன்று 8 கெல்வினுக்குக் கீழே இப்படி ஒழுங்குபட்டு, சுமார் 23 டெஸ்லாவில் வேறொரு நிலைக்கு மாறுகிறது.

பெக்கார்ட் உப்புகளின் மீக்கடத்துத்திறன் எத்தகையது என்ற வழக்கு மட்டும் நீண்டது. 1997-இல் ஹெக்சாஃபுளோரோஃபாஸ்பேட் உப்பில், அடுக்குக்கு இணையான புலத்தில் 6 டெஸ்லாவைத் தாண்டியும் அது நீடித்தது; தற்சுழற்சி எல்லையோ சுமார் 2 டெஸ்லா. இரண்டு தற்சுழற்சிகளும் ஒரே பக்கம் நோக்கும் இணைகளாக இருக்கலாம் என்ற வாதம் எழுந்தது. பிறகு வந்த அணுக்கரு காந்த ஒத்ததிர்வு (அணுக்கருக்களின் வழியே எலெக்ட்ரான் தற்சுழற்சியை உணரும் அளவீடு) முடிவுகளும் முதலில் அதற்குச் சாதகமாகவே இருந்தன. 2007-இல் பெர்குளோரேட் உப்பில், 1 டெஸ்லாவுக்கும் சற்றுக் குறைந்த புலத்தில் அதே அளவீட்டைச் செய்தபோது, எதிரெதிர்த் தற்சுழற்சி இணைகளுக்கான அடையாளம் தென்பட்டது. 4 டெஸ்லாவில் அந்த அடையாளம் இல்லை. ஆகவே குறைந்த புலத்தில் ஒரு நிலை, உயர்ந்த புலத்தில் அதிலிருந்து வேறுபட்ட ஒன்று என்று பிரித்துப் பார்ப்பதே இன்றைக்குப் பொருத்தமான வாசிப்பு என்பது என் கருத்து. இதைப் பற்றிய கட்டுரைகளைப் படிக்கும்போது ஒவ்வொரு வரைபடத்திலும் புலம் எந்தப் படிக அச்சை நோக்கியது, அழுத்தம் எவ்வளவு, எந்த வேகத்தில் குளிர்வித்தார்கள் என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றும் முடிவுகளில் பல, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் வேறுபட்டவை.